மேற்குச் சுவர்ப் பலகைகள்

சாயம் உப்பிய பலகையைப் பார்த்தால் அழகேசன் முதலில் ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறித் திறப்பார். உள்ளே பழைய சாயம் தெரிந்தால் பெரிய கவலை இல்லை. வெயில் சுட்ட பலகையில் யாரோ அவசரமாக அடித்திருக்கிறார்கள். சுரண்டித் தேய்த்து மறுபடி அடித்தால் சரியாகிவிடும். உள்ளே வெறும் மரம் தெரிந்தால் கதை வேறு. ஈரம் மரத்துக்குள்ளிருந்து வெளியே வரப் பார்க்கிறது, சாயம் அதை வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காத வரை எத்தனை பூச்சு அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி உப்பும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டில் நிற்கும் பழைய துரை பங்களாவின் மேற்குச் சுவரில் அவர் கீறிய கொப்புளங்கள் அத்தனையும் மரத்தைத்தான் காட்டின. அவர் ஆச்சரியப்படவில்லை. அந்தச் சுவரைக் கெடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு முப்பது வயதுகூட ஆகாத காலம் அது. அதே தோட்டத்தில் சாயம் அடிக்கும் வேலை. தீபாவளி கழிந்த கையோடு தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருவார்கள். கெடாவில் மழை விடாத மாதங்கள் அவை. பலகை காய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வருகிறவர்கள் கண்ணுக்குப் பங்களா பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மழை சற்று ஓய்ந்தால் துணியால் சுவரைத் துடைத்துவிட்டு அடிப்பார்கள். மறுபடி தூறினால் கூரைக்கடியில் ஒதுங்கி நிற்பார்கள். இப்படி வருடத்துக்கு ஒன்றாக ஏறிய பூச்சு முதலைத் தோல்போல வெடித்துக் கிடந்தது. மேலே கூரையோரத்து மழைநீர்த் தகரம் ஓட்டையாகிச் சுவருக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே காகிதப்பூச் செடி அடர்ந்து படர்ந்து காற்றுப் புகாமல் அடைத்திருந்தது.

இப்போது தோட்டம் கைமாறிவிட்டது. புது நிறுவனம் பங்களாவைப் புதுப்பித்து விருந்தினர் விடுதியாக்கப் போகிறது. அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள ஷரோன் என்கிற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். சுங்கை பட்டாணி ஊர்க்காரி. பழைய மரக் கட்டடங்களைப் பழுது பார்ப்பதைப் பற்றியே படித்தவள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தாத்தா ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். அழகேசனை அவள் “அங்கிள்” என்றாள். இவர் அவளை “மிஸ்” என்றார். தகரத்தை மாற்றிச் செடியை வெட்டி, சுவரைக் காயவிட்ட பிறகுதான் சாயத்தில் கை வைக்க வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். மார்கழிக் காற்றில் சுவர் நன்றாகவே காய்ந்தது.

ஆனால் சுரண்டத் தொடங்கிய அன்று ஷரோன் போட்ட சட்டங்கள் அழகேசனுக்குப் புதியவை. சுவரில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. மூக்குக்கு முகமூடி. நெருப்பு காட்டிச் சாயத்தை இளக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேலைச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வேறு சட்டையில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கூட வேலை செய்த காளிதாசனுக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீர்க் குழாயைச் சுவரில் பாய்ச்சியபடியே சொன்னான்:

“அண்ணே, செவத்தக் குளிப்பாட்டியாச்சு. அடுத்து பவுடர் போட்டு பொட்டு வைக்கச் சொல்லுவாங்க லா.”

“வச்சுட்டுப் போயேன். உன் மூஞ்சிக்கு இந்தச் செவுரே பரவால்ல.”

சிரிப்பு அத்தோடு போயிற்று. மூன்றாவது வாரம், சுவரின் அடிப்பகுதியில் உளுத்துப்போன பலகைகளைக் கழற்றினார்கள். மேல்புறம் உளுக்காமல் இருந்த துண்டுகளைக் காளிதாசன் தனியாக அடுக்கிவைத்தான். மகள் பிறந்தநாளுக்குக் கோழி சுடப் போகிறானாம்; வைரம் பாய்ந்த பழைய செங்கால் மரம், கரியே வேண்டாம், கணகணவென்று எரியும் என்றான். ஷரோன் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். ஒரு சில்லுகூட வெளியே போகக் கூடாது என்றாள். குரலில் அதுவரை இல்லாத கண்டிப்பு இருந்தது.

காளிதாசன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவளே விளக்கினாள். அந்தக் காலத்துச் சாயத்தில் காரீயம் கலப்பார்கள். அடியில் இருக்கிற பழைய பூச்சுகளில் அது நிறைய இருக்கிறது, பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. தூசியாக உள்ளே போனால் கெடுதல். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

அழகேசன் ஏணியிலிருந்து இறங்கினார்.

“எரிச்சா, மிஸ்?”

“எரிச்சா இன்னும் மோசம், அங்கிள். பொகையில வந்துரும். சாம்பல்லயும் இருக்கும்.”

“பிள்ளைக்கு என்ன பண்ணும்?”

“மூளையத்தான் புடிக்கும். பேச்சு வர லேட்டாகும், சில பிள்ளைங்களுக்குச் சரியா வராமலே போயிரும். படிப்பு ஏறாது. பாத்தா ஒன்னும் தெரியாது, நல்லாத்தான் இருக்கும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். கையில் சுரண்டி இருந்தது. சுவரில் அடிப்பூச்சு தெரிந்தது. வெளிர் பச்சை. அந்தப் பச்சையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வசந்தன் பிறந்தது அப்படியொரு மழைக்காலத்தில்தான். அழகேசனுக்கும் நவமணிக்கும் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தரித்த பிள்ளை, ஒரே பிள்ளை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தினமும் வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும். சமையலுக்கு கேஸ் வந்திருந்தாலும் அண்டாத் தண்ணீரை கேஸில் காய வைத்துக் கட்டுப்படியாகாது. பின்கட்டில் கல் அடுப்பு கூட்டி விறகு வைத்துத்தான் காய்ச்சுவார்கள். ரப்பர் விறகு மழையில் ஊறிப் போய்ப் பற்றவே மாட்டேனென்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் பங்களாவின் மேற்குச் சுவரில் கெட்டுப்போன ஒரு பகுதிப் பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை வைத்தார்கள். கழற்றியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அனுமதி கொடுத்தார். மற்றவர்கள் போட்டிக்கு வருவதற்குள் அழகேசன் லாரிக்காரனைப் பிடித்து ஒரு நடை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கூரைக்கடியில் அடுக்கினார். பச்சைச் சாயம் பிடித்த, உள்ளே காய்ந்த, விறகுக்கு நல்ல பலகைகள். தீக்குச்சி காட்டியதும் பற்றிக்கொள்ளும். மனைவிக்கும் பிள்ளைக்கும் பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை அவருக்கு அன்றைக்கு இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்த விறகு வந்தது.

மூன்று வயதாகியும் வசந்தன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான், சொல் வராது. பால்வாடியில் மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது இவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதுதான், ஊரிலிருந்து வந்திருந்த அழகேசனின் அக்கா பராசக்தி அதைச் சொன்னாள். பிள்ளை வயிற்றிலிருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரத்தில், திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நவமணி வெளியே போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்தாள். பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வந்திருந்த பராசக்தி அதைப் பார்த்திருந்தாள். “நாலு துணிக்காகப் பிள்ளையக் கெடுத்துட்டாளே” என்றாள். ஒரு முறைதான் சொன்னாள். லயம் முழுக்க அது பரவ ஒரு முறை போதுமானதாக இருந்தது.

நவமணி அதற்குப் பதில் பேசியதே இல்லை. கிரகணம் வருகிற நாட்களில் சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மகனோடு உள்ளறையில் உட்கார்ந்திருப்பாள். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பால்குடம் எடுப்பாள். மற்ற பெண்கள் இது வேண்டும் அது வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று அழகேசனுக்குத் தெரியும். ஒரு நாள் பூசையறையில் அவள் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்கிறது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிரகணத்தை அவர் நம்பினாரா? நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆனால் ‘இல்லை, அதனால் இல்லை’ என்று அவளிடம் அடித்துச் சொல்ல வேறு காரணம் எதுவும் அவர் கையில் இருந்ததில்லை.

இப்போது ஒரு காரணம் கையில் இருந்தது.

மறுநாள் ஷரோன் தனியாக இருந்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதுபோல, சின்ன வயதில் இப்படி ஆகியிருந்தால் இப்போது ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவள் யோசித்தாள். இத்தனை வருடம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதனாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம் என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்று மெதுவாகக் கேட்டாள். குருண் ஊரில் இருக்கும் ஒரு கூட்டாளிக்கு என்றார்.

இதோடு விட்டிருக்கலாம். உறுதியில்லாத ஒன்றை வீட்டுக்குள் கொண்டுபோய் என்ன ஆகப் போகிறது? ஆனால் கிரகணம் மட்டும் என்ன உறுதியான ஒன்றா? அதை அவள் தலையில் ஏற்றியபோது யார் பரிசோதித்துப் பார்த்தார்கள்? சொன்னால் அவள் சுமை இறங்கும். இறங்கி எங்கே போகும் என்றும் அவருக்குத் தெரியும். வரட்டும், நான் சுமக்கிறேன் என்று காலையில் வேலைக்குப் போகும்போது நினைப்பார். சாயங்காலம் அடுக்குமாடிக் கீழ்வாசலில், ஆளாய் வளர்ந்துவிட்ட வசந்தன் “ப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொள்வான். சொல்லத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. வாயருகே வந்தது திரும்பிப் போய்விடும். மகனைக் கெடுத்தது நான்தான் என்று தன் வாயால் மனைவியிடம் சொல்லிவிட்டு, அதே வீட்டில், அவள் வைக்கிற சோற்றை எப்படித் தின்பது?

வேலை இடத்திலேயே குளித்துவிட்டு வருவதை நவமணி வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க, இந்த வயசுல புது மாப்பிள்ள மாதிரி சோப்பு வாசத்தோட வர்றீங்க. தோட்டத்துல யாரு இருக்கா?”

“காளிதாசன் இருக்கான்.”

“நல்ல சோடிதான்.”

தைப்பூசம் நெருங்கியது. நவமணிக்கு முழங்கால் வீங்கி மாடிப்படி ஏற முடியாமலிருந்தது. லயத்தை விட்டு வந்து குடியேறிய மலிவு விலை வீடமைப்பில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. இந்த வருடம் பால்குடம் வேண்டாம் என்று அழகேசன் சொன்னார். எடுத்தே தீருவேன் என்றாள். ஏன் இப்படி உடம்பைப் போட்டு வதைக்கிறாய் என்று கேட்டதற்கு, துவைத்த துணியை மடிக்கிற வசந்தனைப் பார்த்தபடி, “எனக்கப்புறம் இவனுக்காகக் கேட்டுக்க ஆள் இல்ல. இருக்கறப்பவே கேட்டுத் தீத்துடறேன்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான் அவர் சொன்னார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொப்புளத்திலிருந்து தொடங்கினார். ஈரத்தைச் சொன்னார், பச்சைப் பூச்சைச் சொன்னார், ஷரோன் சொன்னதைச் சொன்னார். பிறகு விறகைச் சொன்னார். உறுதியில்லை என்பதையும் மறைக்கவில்லை. நவமணி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

“அப்ப கெரகணம் இல்லையா?”

“இல்ல.”

“இல்லன்னு நீங்க சொல்றீங்க.”

“நான்தான் சொல்றேன். கொண்டாந்து போட்டவன் நான்.”

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டுவாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளோ எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சேலையைச் சரிசெய்தபடி நின்றாள். பல வருடமாக வளைந்தே பழகிய முதுகு நிமிர்ந்திருந்ததைப்போல அவருக்குத் தோன்றியது.

“அண்ணிகிட்ட சொல்லணும்ங்க,” என்றாள். “நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

அடுத்த வாரம் காளிதாசனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் கூலிம் தாண்டி இருக்கும் செர்டாங்குக்குப் போனார்கள். பராசக்தி அங்கே மகன் வீட்டில் இருந்தாள். இனிப்புநீர் வியாதி முற்றி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். தம்பியைக் கண்டதும் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வசந்தனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, பசியாறினாயா என்று கேட்டாள். அவன் “ம்” என்றான். மருமகள் மைலோ கலந்து வந்து கொடுத்தாள்.

அழகேசன் சொல்லத் தொடங்கினார். மனைவியிடம் சொன்னதைவிட இது எளிதாக வந்தது. பராசக்தி அடிக்கடி “ஐயையோ” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கேட்டாள். விறகை அவளுக்கும் ஞாபகமிருந்தது. கடைசியில் அவர், ஆகவே கிரகணத்தாலே இல்லை, அக்கா அன்றைக்கு நவமணியைச் சொன்னது தப்பு என்றார்.

பராசக்தி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நானா? நான் என்னா தம்பி சொன்னேன்?”

அவர் அந்த வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. நவமணி முன்னால், அவரது வாயால்.

“நான் எதுக்குய்யா அப்படிச் சொல்றேன்? இந்தப் பிள்ளைக்கு மொத தண்ணி ஊத்துனதே நான்தானே. லயத்துல எவளாவது சொல்லியிருப்பா, எம்பேர்ல போட்டுட்டாளுங்க.” அவள் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நவமணியின் பக்கம் திரும்பி, “என்ன தங்கச்சி, நான் அப்படிச் சொல்ற ஆளா?” என்று கேட்டாள்.

நவமணி கையிலிருந்த மைலோக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி மன்னிப்புக் கேட்பாள், அல்லது சண்டைக்கு வருவாள், இரண்டில் ஒன்றுக்குத்தான் அவள் ஆயத்தமாகி வந்திருந்தாள்.

“விடுங்க அண்ணி. யாரோ சொன்னாங்க,” என்றாள்.

திரும்பி வரும்போது கூலிம் தாண்டிவிட்டார்கள். பின்னிருக்கையில் வசந்தன், அத்தை கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தான். சாலையின் இருபுறமும் எண்ணெய்ப்பனை. மழை இல்லாத பொழுது. எதிரே வந்த லாரிகள் செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. அழகேசன் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

“அவங்களுக்கு ஞாபகமே இல்ல,” என்றாள் நவமணி. கோபம் இல்லை. தொலைத்த பொருளை இனித் தேட வேண்டாம் என்று சொல்வதுபோல இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று.

“ஏங்க. குளிப்பாட்டிட்டு பிள்ளைக்கு சாம்பிராணி போடுவோமே.”

“ம்.”

“அந்த அடுப்புத் தணலத்தானே அள்ளிப் போட்டேன்.”

அழகேசன் அதுவரை அதை நினைத்தே பார்க்கவில்லை. அவர் கணக்கில் இருந்தது விறகும் அண்டாவும்தான். ஆண்பிள்ளைக்குத் தெரிந்த பின்கட்டு அவ்வளவுதான். குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டி, தணலைத் தட்டில் அள்ளி, சாம்பிராணி தூவி, எழுகிற புகைக்கு மேலே தலையைப் பிடித்து ஈரம் உலர்த்துவது பெண்கள் செய்கிற காரியம். முதல் மாதத்துக்குப் பின் பராசக்தி ஊருக்குப் போய்விட்டாள். பிறகு தினமும் நவமணிதான் செய்தாள்.

“தணல்ல ஒன்னும் இருக்காது,” என்றார். “பெயிண்டெல்லாம் மொதல்லயே எரிஞ்சு போயிரும்.”

“அந்த மிஸ் சொன்னாங்களா?”

“ஆமா. சொன்னாங்க.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன பொய்களை எல்லாம் அவள் இப்படித்தான் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இதையும் ஏற்றுக்கொண்டதுபோல முன்பக்கம் திரும்பினாள்.

“தலைய இப்படித் திருப்பி அப்படித் திருப்பிக் காட்டுவேன்,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “நல்லா இருமுவான். சளி வெளிய வருதுன்னு இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்குவேன்.”

முன்னே பெட்ரோல் நிலையம் வந்தது. நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம் என்று அழகேசனுக்குத் தோன்றியது. நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் நிறுத்தவில்லை.